முனியப்பன் வௌவாலும் அமுதவல்லி வாசலும்

சங்ககிரிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். முனியப்பன் கோயில் இலுப்பை மரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் மிரண்டுவிடும் என்று பல தலைமுறையாக அப்படியொரு கட்டுப்பாடு. ஐப்பசி பிறந்தால் போதும், டிவிக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். கோயில் தர்மகர்த்தா தனசேகர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "இதுக எல்லாம் எங்களுக்குச் சாமி குழந்தைங்கங்க" என்பார். அதே தனசேகர் தன் கொய்யாத் தோட்டத்தில், அந்தக் குழந்தைகள் வந்து சிக்குவதற்கென்றே நைலான் வலையைத் தொளதொளவென்று கட்டியிருப்பது டிவியில் வராது. அவர் மட்டுமா, கொய்யாவும் சப்போட்டாவும் வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். யாரும் கையால் கொல்லவில்லை, பாருங்கள். வலைதானே கொல்கிறது.

அமுதவல்லி ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் குணசீலன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். இவள் கால்நடை மருத்துவமனையில் தற்காலிக வேலைக்குப் போனாள். ஊசி, கட்டு, சலைன் எல்லாம் அங்கே படிந்த கைப்பழக்கம். ஒருமுறை மின்கம்பியில் அடிபட்டுச் செத்த தாய் வௌவாலின் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டியை எடுத்துவந்து, டாக்டர் சொன்னபடி பால் கொடுத்துப் பிழைக்க வைத்தாள். டாக்டரே வனத்துறையிடம் பேசி அனுமதி வாங்கி, அவளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடவும் ஏற்பாடு செய்தார். அன்றிலிருந்து ஊரில் எந்த வலையில் எது சிக்கினாலும் சாக்குப் பையில் போட்டு அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

பழைய மாட்டுக் கொட்டகையை வலையடித்து அவற்றுக்கு விட்டிருந்தாள். தோல் கையுறை போட்டுக்கொண்டு, இறக்கையில் சுற்றிய நூலை ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பாள். கிழிந்த தோல் தானாகவே கூடிவிடும், எலும்பு முறிந்தால்தான் கஷ்டம். குட்டியாக இருந்தால் உருட்டிய துண்டைக் கட்டிப்பிடிக்க வைத்து, தலைகீழாகத் தொங்கவிட்டு, ஊசிக்குழலில் பால் புகட்டுவாள். அவை பழத்தைச் சப்பிச் சக்கையைத் துப்புவதில் சுவரெல்லாம் நாறும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஆனால் தேறிய ஒன்று பொழுது சாயும் நேரத்தில் இலுப்பை மரத்தைப் பார்த்துப் பறந்து போகும்போது, அவளுக்கு அந்த நாற்றமெல்லாம் மறந்துபோகும்.

தேறாதவையும் உண்டு. ஒன்று செத்தால் தீட்டு என்று பூசாரி வந்துவிடுவார். முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும், அந்த வருஷக் கோயில் திருவிழாவான நோன்பிக்குத் தீர்த்தக்குடம் எடுக்கக்கூடாது. சாவைத் தொட்ட கைக்கு இதுதான் முறை போலும் என்று அமுதவல்லியும் மறுபேச்சுப் பேசாமல் செய்தாள். அந்த ஊருக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அவள் குடம் எடுத்ததில்லை. அதில் அவளுக்குக் குறையும் இல்லை. வெளியூர்க்காரியை நம்பி ஊரே உயிரைக் கொண்டுவந்து கொடுக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமைதான். பைத்தியக்காரி.

போன பங்குனியில், நோன்பிக்குக் காப்புக் கட்டப் போகும் சமயத்தில், தனசேகரின் தோட்டத்தாள் பூபதி மொபெட்டில் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, சட்டுனு வாங்கிக்குங்க. உசுரு இருக்கறப்பவே குடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

"அத்தன அக்கறை இருந்தா வலைய இழுத்துக் கட்டச் சொல்லு. இழுத்துக் கட்டுனா எதுக்குச் சிக்குது?"

"அக்கறை என்னுங்க்கா அக்கறை? தோட்டத்துல உசுரு போயிருச்சுன்னா அவரு காப்புக் கட்ட முடியாதுங்களே. எவன் எல்லைல சாவுதோ, அவன் ஊட்டுக்குத்தானே தீட்டு."

"அப்ப இத்தன நாளும் எங்கூட்டுக்குக் கொண்டாந்தது?"

பூபதி நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதுங்களாக்கா?" என்றபடி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அமுதவல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. பிழைக்க வைக்க என்று கொண்டுவரவில்லை. சாவதற்கு ஓர் இடம் வேண்டுமென்று கொண்டுவந்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவள் வீடுதானே, தீட்டு அங்கேயே கிடக்கட்டும் என்று.

சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். இளம் பெட்டை. கழுத்தில் நூல் அறுத்திருந்தது, இறக்கை கிழிந்திருந்தது, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. இதைவிட மோசமாக வந்தவற்றையெல்லாம் அவள் பிழைக்க வைத்திருக்கிறாள். உடனே சலைன் ஏற்றி, இருட்டில் கிடத்தியிருக்க வேண்டும். அவள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் தனசேகர் வீட்டுக்கு நடந்தாள்.

துண்டைப் பார்த்ததுமே தனசேகர் இரும்புக் கதவைச் சாத்தினார். "அங்கயே நில்லும்மா. உள்ள கொண்டாராத."

"உங்க தோட்டத்துல சிக்குனதுங்ணா. உங்க ஊட்டுலயே வெச்சுப் பாருங்க."

"வைத்தியம் தெரிஞ்சவ நீ. கொண்டு போய்ப் பாரு சாமி, பாவம், உசுரு தவிக்குது."

"வலையக் கழட்டறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கொண்டு போறேன்."

"காய் காய்ச்சு நிக்கறப்ப வலையக் கழட்டறதா? நல்லாப் பேசற!"

கூட்டம் கூடிவிட்டது. துண்டுக்குள்ளிருந்து வௌவால் நாக்கை நீட்டி, அவள் விரலில் வழிந்த வியர்வையை நக்கியது. அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நின்றாள். அந்த ஒரு வார்த்தை வரட்டும், ஓடிவிடலாம் என்று வீம்பாக நின்றாள். வார்த்தை வரவில்லை. நாக்கு நின்றுவிட்டதை உணர்ந்து துண்டை விலக்கிப் பார்த்தபோது தலை தொங்கிக் கிடந்தது.

பூசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் கதவையும் பார்த்தார், அவள் நின்ற இடத்தையும் பார்த்தார். "கேட்டுக்கு வெளிய, பஞ்சாயத்து ரோட்டுல போயிருக்குதுங்க. யாருக்கும் தீட்டு இல்லீங்க" என்றார். தனசேகர் பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தார். அந்த வருஷம் அவர்தான் காப்புக் கட்டினார். அமுதவல்லிக்கும் தீட்டு இல்லை என்று பெண்கள் வந்து தீர்த்தக்குடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை. வீட்டில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அவள் வீட்டுக்குச் சாக்கு எதுவும் வருவதில்லை. வலையில் சிக்கியதை நூலோடு அறுத்தெடுத்து, உயிரோடு கொண்டுபோய்ப் பஞ்சாயத்து ரோட்டில் போட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போகும்போது கண்ணில் பட்டால் அவள் எடுத்துக்கொள்கிறாள். பெரும்பாலும் லாரி முந்திக்கொள்கிறது. இந்த வழியைக் காட்டியது அமுதவல்லிதான் என்று ஊரில் அவளுக்கு நல்ல பெயர்.