வகுப்பில் போட்டுக் காட்டிய வீடியோ

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். மீன் வாங்கினால் செவுளை இரண்டு பக்கமும் தூக்கிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் தரமும் பார்ப்பேன். இதை என் மனைவி சொல்லிச் சிரித்தே கல்முனையில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்.

அப்படிப்பட்டவனிடம்தான் கொரோனா காலத்தில் ஒரு திரை நிறையக் கறுப்புச் சதுரங்களை ஒப்படைத்தார்கள். விவசாய டிப்ளோமா, வார இறுதி வகுப்பு. நோய் போன பிறகும் ஒன்லைன் போகவில்லை. பொத்துவிலில் இருந்தெல்லாம் பிள்ளைகள் படிப்பதால் இதுவே வசதி என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வகுப்பறையில் எவன் மேசைக்குக் கீழே பார்க்கிறான் என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வேன். திரையில் என்ன செய்வது? பெண்பிள்ளைகள் கமரா போடமாட்டார்கள். வீட்டில் விருப்பமில்லை. நானும் பெண்பிள்ளை பெற்றவன், புரியும். ஆனால் புரிவது வேறு, நம்புவது வேறு.

எனக்கென்று சில தந்திரங்கள் இருந்தன. பாடத்தின் நடுவில் திடீரென்று ஒருவரைக் கூப்பிட்டு, பதில் வரும்வரை மனதுக்குள் எண்ணுவேன். குறிப்பில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து, அதை எத்தனை பேர் அப்படியே எழுதி அனுப்புகிறார்கள் என்று பார்ப்பேன். பாதிப் பேர் அனுப்புவார்கள். வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. அது விடை மாற்றும் சந்தை என்று முடிவுகட்டி, ஒரு காலையில் அதிலிருந்து வெளியேறினேன். ஏதும் சொல்வதென்றால் மின்னஞ்சல் போடுங்கள் என்று அறிவித்தேன். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்ட நினைப்பு.

பொத்துவில் மாணவி ஒருத்தி, கலியாணம் முடித்தவள், வகுப்பில் துணிந்து கேள்வி கேட்பாள். சில கேள்விக்கு நான் புத்தகத்தைப் புரட்டித்தான் பதில் சொன்னேன். திடீரென்று ஒரு வாரத்தோடு அவள் குரல் நின்றுபோனது. எழுத்து மட்டும் வந்தது. மைக் சரியில்லையா என்று கேட்டேன். கதைக்க ஏலாது சேர் என்று எழுதினாள். அவள் பெயரில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

தவணை முடிவில் செய்முறை வேலை வந்தது. வயலுக்குப் போய் வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணீர் வடிய வெட்டும் வாயை, திறக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் ஒரு சாண் தோண்டி மண்ணை எடுத்துக் காட்டி வீடியோ அனுப்ப வேண்டும். அதில் சித்தியடையாவிட்டால் டிப்ளோமா இல்லை. விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு விண்ணப்ப முடிவுத் திகதி அடுத்த மாதம் என்பதால் எல்லாரும் பதறிக்கொண்டு திரிந்தார்கள். அந்த மாணவியும் விண்ணப்பிக்க இருந்தவள்தான்.

எல்லாருடைய வீடியோவிலும் பயிர் கதிர் வெளிவர இருக்கும் குடலைப் பருவத்தில் நின்றது. அவளுடையதில் நாலு விரல் உயரம். பழைய வீடியோ. அது போதாதென்று, மண்ணைத் தோண்டியது ஓர் ஆணின் கை. தடித்த விரல்கள், கறுப்புப் பட்டி மணிக்கூடு. பின்னால் பெண் குரல் ஒன்று, "இன்னும் கொஞ்சம்", "ஓம், அவடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மனிசன் வேலை செய்கிறான், இவள் போனைப் பிடித்துக்கொண்டு ஆமாம் போடுகிறாள் என்று நினைத்தேன். கள்ளன் அகப்பட்டான் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வகுப்பில் அந்த வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை, அதுவே பெரிய நாகரிகம் என்று நினைப்பு. நான்கு தரம் ஓடவிட்டேன். நான்காம் தரம் கையில் நிறுத்தி, "இது யாருடைய கை? இந்தக் கைக்கா நான் டிப்ளோமா கொடுக்கிறது?" என்று கேட்டேன். ஒரு சதுரம் மறைந்தது. பிறகு இரண்டு, பிறகு வரிசையாக. வகுப்பு முடிய முன்னரே திரையில் முக்கால்வாசி காலி.

எல்லாரும் கூட்டுக் கள்ளர் என்று மனைவியிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு அவள் அசர் தொழப் போய்விட்டாள்.

அந்த மாணவிக்குப் பூச்சியம் போட்டேன். மறுநாள் மின்னஞ்சல் வந்தது. ஸலாமுக்குப் பிறகு சில வரிகள்தான். கணவர் மௌத்தாகி இரண்டு மாதம். அவள் இத்தாவில் இருக்கிறாள். வயலுக்குப் போக முடியாது. தவணைத் தொடக்கத்தில் பழகிப் பார்க்க எடுத்த வீடியோ ஒன்று இருந்தது, அதை அனுப்பினாள். குழுவில் வந்த மௌத்துச் செய்தியை யாராவது எனக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அந்நிய ஆணோடு கதைப்பதையும் பலர் நிறுத்திவிடுவார்கள். குரல் நின்ற வாரத்தை எண்ணிப் பார்த்தேன். சரியாக வந்தது. அந்த இடத்திலாவது நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பொத்துவிலில் இருக்கும் பழைய கூட்டாளிக்கு அழைப்பு எடுத்து, செய்தி உண்மைதானா என்று விசாரித்தேன். ஜனாஸா அடக்கத்துக்கு அவன் போயிருந்தான். அதற்குப் பிறகும் மனம் அடங்கவில்லை. மௌத்து உண்மையென்றால் அந்தக் கை கணவனுடையது. அப்படியென்றால் இதுவரை வந்த வேலையெல்லாம் அவன் செய்தது. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

வாய்மொழித் தேர்வு வைக்கிறேன், கமராவில் முகம் தெரிய வேண்டும் என்று பதில் போட்டேன். நான் முகத்தைப் பார்க்கக்கூடாது. ஆகவே என் மனைவி திரைக்கு முன்னால் இருந்து கேள்விகளை வாசிப்பாள், நான் கதவுக்கு வெளியே நிற்பேன் என்று ஏற்பாடு. மாணவி சம்மதித்தாள். மனைவிக்கு விவசாயம் தெரியாது. பக்கத்தில் யாரும் குசுகுசுக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி அவளை மூன்று தரம் எச்சரித்தேன்.

முதல் நான்கு கேள்விக்கும் பதில் தயங்காமல் வந்தது. பாடமாக்கியிருக்கலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது, வக்கடையைத் திறக்க முன்னர் என்ன பார்க்க வேண்டும் என்பது. வரம்பின் உறுதி, பயிரின் பருவம் என்று என் குறிப்பில் இருந்தது. அவள் வேறு சொன்னாள். "எங்கட வயல்ல கீழ்க்கண்டம் களப்புப் பக்கம், ராத்தா. முதல்ல வெளி வாய்க்கால் தண்ணிய நாக்கில வெச்சிப் பாக்கணும். கரிச்சா துறக்கப்படாது. உப்பு உள்ளுக்கு ஏறிரும்."

இது என் குறிப்பில் இல்லை, எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். நான் ஒரு துண்டில் எழுதிக் கதவிடுக்கால் நீட்டினேன். மனைவி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேளுங்கள் என்று கை காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள், வீடியோவில் மண் தோண்டின கை யாருடையது என்று.

பதில் கதவுக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"என்ட மனிசன்ட. அவர் கடல்காரர், ராத்தா. அவருக்கு வயல் தெரியாது. அது என்ட சீதனக் காணி. சின்னதில இருந்து வாப்பாவோட போய்ப் பழகினது நான். அவர் நான் சொல்லச் சொல்லத் தோண்டினவர். சேர் அண்டைக்கு நாலு தரம் போட்டுக் காட்டினவர். நானும் வகுப்பிலதான் இருந்தன்."

எங்கள் கரையில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான் போகும். நான் இருப்பதே என் மனைவியின் வீட்டில். இருந்தும், சேற்றுக்குள் ஓர் ஆண் கையைக் கண்டதும் வயலும் அறிவும் அவனுடையது என்று எழுதிவிட்டேன். "இன்னும் கொஞ்சம், அவடம்" என்ற குரலை நானும் கேட்டேன்தானே.

மனைவி லெப்டொப்பை மூடிவிட்டு வெளியே வந்தாள். "யாரும் குசுகுசுக்கல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அன்றே புள்ளியை மாற்றினேன். வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம். விண்ணப்பமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வகுப்பின் பதிவைத் தளத்திலிருந்து அழித்தேன். ஆனால் எல்லாருக்கும் முன்னால் செய்ததை எல்லாருக்கும் முன்னால்தான் கழுவ வேண்டும். சனிக்கிழமை வகுப்பில், நான் காட்டியது ஒரு மௌத்தானவரின் கை, கள்ளத்தனம் என்று நான் சொன்னது பொய், அந்தப் பிள்ளையும் நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். கறுப்புச் சதுரங்கள் அசையாமல் இருந்தன. யார் அழுகிறார்கள், யார் என்னை ஏசுகிறார்கள், யார் போனை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் அவள் சதுரத்திலிருந்து ஒரு வரி வந்தது.

"பாடத்தத் தொடங்குங்க சேர்."

மன்னித்தாளா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாடத்தைத் தொடங்கினேன்.