உப்பு வரப்பில் மறுபடியும்

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்த நாட்களில் என் வலது கணுக்கால் அடிக்கடி பிசகிக்கொள்ளும். 2005 மழைக்காலத்தில் வேலை நின்றிருந்தபோது புதுச்சேரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். கிழிந்த தசைநாரை டாக்டர் சரிசெய்து கட்டினார். ஆறு வாரம் மாவுக்கட்டு, பிறகு மாதக்கணக்கில் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி.

டாக்டர் சுமை தூக்கலாம் என்றதும், அடுத்த கோடையில் உப்பளத்துக்குப் போனேன். மேஸ்திரி என் தழும்பைப் பார்த்தார்.

"நீ இனிமே உக்காந்து மூட்டை தையும்மா. வரப்புல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"விழுந்தா நானே எழுந்துக்கிறேன். நீங்க கூடைய தூக்கி விடுங்க."

அவர் அசையவில்லை. நானும் தலையில் சும்மாட்டோடு அங்கேயே நின்றேன். எனக்குப் பின்னால் பெண்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் முணுமுணுத்தபடி அவரே தூக்கிவிட்டார். வழுக்கும் வரப்பில் நடந்துபோய் உப்பைக் குவியலில் கொட்டினேன். கால் வலித்தது, ஆனால் பிசகவில்லை. அந்தக் கோடை முழுக்கச் சுமந்தேன்.