மூக்குப்பாறை ஏணி

சலவைக்கடையில் அவளுக்கு ஜாக்கிரதை என்று பெயர். துணியை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "வாசல்படி வழுக்கும், ஜாக்கிரதை" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர் அது. உள்ளே இஸ்திரி போடுகிறவர்கள் வைத்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் படியில் ஒருவரும் விழுந்ததில்லை. "நான் சொல்றதாலதான் விழல" என்பாள்.

அவள் எதற்குப் பயப்படுவாள் என்று கேட்பதைவிட எதற்குப் பயப்படமாட்டாள் என்று கேட்பது சுலபம். மின்விசிறி கழன்று விழும், பஸ்ஸின் பின்கதவு திறந்துகொள்ளும், பல்லில் வலித்தால் அது பல்லோடு நிற்காது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடுகிற குழிக்குள், கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவுகிற ஆள். "எங்க வீட்டுல பயப்படறதுக்கு ஒரு ஆள், உயரம் ஏறறதுக்கு ஒரு ஆள். வேலையைப் பிரிச்சுக்கிட்டோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. அவள் கவனித்தது சிரிப்பை அல்ல, சட்டையை. ஏழெட்டு மாதமாக அவர் சட்டையில் கிரீஸ் கறையே இல்லை. கறையைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடுகிறவள் அவள். கேட்டதற்கு, "புதுசா கையுறையும் மேலங்கியும் குடுத்திருக்காங்க" என்றார். கம்பெனி நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு பரிசு அனுப்பினாள். கடலோரமாக நான்கு நாள் நடைப்பயணம். தினமும் ஒரு கிராமத்தில் அறை. பெட்டிகளை வேன் கொண்டுபோய் அடுத்த விடுதியில் வைத்துவிடும். இவர்கள் கையை வீசிக்கொண்டு நடந்தால் போதும்.

"கடலோரம்னா எவ்வளவு ஓரம்?" என்று கேட்டாள் ஜாக்கிரதை.

"போய்த்தான் பாரேன்மா" என்றாள் மகள்.

ரொம்பவே ஓரம். செங்குத்துப் பாறையின் விளிம்பில் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு பாதை. ஒரு பக்கம் பச்சைச் சரிவு, ஊதாப் பூக்கள், மேய்கிற ஆடுகள். மறுபக்கம் ஒன்றுமே இல்லை, எங்கேயோ கீழே கடல் இரைந்தது. மகள் அனுப்பிய காகிதத்தில் 'கண்கொள்ளாக் காட்சி' என்று போட்டிருந்தது. முதல் நாள் முழுக்க ஜாக்கிரதையின் கண் கொண்டது தன் ஷூவின் முனையை மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கேலி செய்வார் என்று எதிர்பார்த்த கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சரிவை ஒட்டியே, புல்லில் தோள் உரச, வேகவேகமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். கோபமோ என்று நினைத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் காலையில் விடுதிக்காரம்மா ரொட்டியையும் வேகவைத்த முட்டையையும் பொட்டலம் கட்டிக்கொண்டே வழி சொன்னார். "மேல் பாதையில போனா சுத்து. அதோட ஒரு இடத்துல ரொம்பக் குறுகல். கீழ மணல்லயே போனா சீக்கிரம் போயிடலாம். ஆனா பன்னெண்டு மணிக்குள்ள மூக்குப்பாறையைத் தாண்டிடணும். அதுக்கப்புறம் தண்ணி ஏறிடும்."

"மணல்லயே போயிடலாம்" என்றார் மெக்கானிக் உடனே. ஜாக்கிரதைக்கும் அது பிடித்திருந்தது. மணலிலிருந்து கீழே விழ முடியாதே.

கிளம்பி இருபது நிமிடம் நடந்த பிறகு, குளியலறைக் குழாயை மூடினோமா என்ற சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. பிடித்தால் விடாது. திரும்பிப் போனார்கள். குழாய் மூடித்தான் இருந்தது. நாற்பது நிமிடம் போயிற்று.

மூக்குப்பாறை கண்ணில் பட்டபோது மணி பன்னிரண்டே கால். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பாறையின் அடியில் மணலே தெரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீர் மோதி, இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். சற்றுமுன் அவர்கள் நடந்துவந்த இடத்திலும் நுரை. இருவரும் நின்ற மணல் ஒரு பாய் அளவுக்குச் சுருங்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பாறையில் ஏணியைக் கண்டாள். மீன்பிடிக்கிறவர்கள் எப்போதோ அடித்து வைத்த இரும்பு ஏணி, துருப்பிடித்து, நாலு மாடி உயரத்துக்கு நேராக மேலே போனது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏணி ஏறுவதையே தொழிலாக வைத்திருக்கிறவர் பக்கத்தில் நிற்கிறாரே.

"நீங்க முன்னால போங்க. எந்தப் படி ஆடுதுன்னு சொல்லிக்கிட்டே போங்க. நான் பின்னாலயே வரேன்."

அவர் ஏணியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஏறினார். அவளும் ஏறினாள். பதினைந்து படி வரைக்கும் எண்ணினாள். பதினாறில் அவருடைய கால் அவள் முகத்துக்கு நேராக நின்றுவிட்டது.

"என்னங்க, படி உடைஞ்சிருக்கா?"

கால் அசையவில்லை.

"ஏறுங்க. தண்ணி வருது."

"முடியல" என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை. "கை வரமாட்டேங்குது."

அவருடைய நடுக்கம் இரும்பு வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்தது.

"எட்டு மாசமா நான் மேல ஏறல" என்றார் பாறையிடம் சொல்வதுபோல. "கூண்டு மேல நின்னுக்கிட்டிருந்தேன். யாரோ பட்டனை அமுத்திட்டாங்க. மூணு மாடி தூக்கிட்டுப் போச்சு. என் தலைக்கும் மேல்தளத்துக்கும் ஒரு சாண் இருக்கிறப்ப நின்னுச்சு. அன்னையிலிருந்து முதுகு வலின்னு சொல்லிட்டு ஆபீஸ்ல உக்காந்து ஃபோன் எடுக்கறேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பாறையில் மோதி எழும்பிய ஒரு அலை அவள் முழங்காலை நனைத்துவிட்டுப் போனது. அடுத்தது இடது ஷூவை உருவிக்கொண்டு போயிற்று. அவளால் அவரைத் தாண்டி மேலே போக முடியாது, கீழே இறங்கவும் இடமில்லை. அலறினால் அவர் கையை விட்டுவிடுவார் என்று தோன்றியது.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்று விளங்கியது. இந்த மனிதருக்குப் பயப்படத் தெரியவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வந்த விருந்தாளியை என்ன செய்வது என்று புரியாமல் விழிக்கிறார். அவளுக்கோ அது தினமும் வீட்டோடு இருக்கிற ஆள்.

கடையில் கூட்டம் நெரிக்கும்போது பேசுகிற குரலில் பேசினாள். சத்தமும் இல்லை, அவசரமும் இல்லை.

"இங்க பாருங்க. பயம் போகட்டும்னு காத்திருக்காதீங்க. அது போகாது. எனக்கு ஒரு நாளும் போனதில்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும். வலது கையில சுண்டு விரலை மட்டும் எடுங்க."

"என்னது?"

"சுண்டு விரல் மட்டும். மத்ததெல்லாம் பிடிச்சுக்கிட்டே இருக்கட்டும்."

நேரம் பிடித்தது. சுண்டு விரல் அசைந்தது.

"இப்ப பக்கத்து விரல். அவசரம் இல்ல." அவசரம்தான். அலை இப்போது அவள் தொடை வரை எழும்பியது. "அடுத்தது. இப்ப கையை மேல் கம்பிக்கு மாத்துங்க. பிடிச்சீங்களா? சரி. இப்ப கால்."

ஒரு படி. மறுபடி சுண்டு விரலிலிருந்து தொடங்கினாள். இருபதாவது படியில் ஒரு பக்கத்து ஆணி கழன்றிருந்தது. அவள் மிதித்ததும் படி சாய்ந்து, அரை நொடி வெறும் கையில் தொங்கினாள். மூச்சுக்காட்டவில்லை. "என்ன சத்தம்?" என்றார் அவர். "ஒண்ணுமில்ல, கால் பட்டுச்சு" என்றாள். முப்பதாவது படிக்கு மேல் அவராகவே கையை மாற்றினார். ஆனால் ஒவ்வொரு படியிலும் "இருக்கியா?" என்று கேட்டார். ஒவ்வொரு படியிலும் "இருக்கேன்" என்றாள்.

மேலே புல்லில் குப்புற விழுந்து கிடந்தார்கள். அவர் அழுதார். அவள் அவர் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கடல் இருந்த பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

"குழாயைப் பார்க்கப் போகாம இருந்திருந்தா நேரத்துக்குத் தாண்டியிருப்போம்" என்றாள் வெகுநேரம் கழித்து.

"மேல் பாதைக்குப் பயந்துதான் நான் உன்னைக் கீழ கூட்டிட்டு வந்தேன்" என்றார் அவர்.

ஒற்றை ஷூவோடு, இன்னொரு காலில் அவருடைய தொப்பியைக் கட்டிக்கொண்டு, விளிம்பிலிருந்து விலகி ஆடு மேய்கிற புல்வெளிகள் வழியாகவே அடுத்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாள். நான்காம் நாள் காலை பெட்டிகளோடு பெட்டிகளாக இருவரும் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்கு நடக்கலையா?" என்று கேட்டார் வேன்காரர்.

"நடந்ததே போதும்" என்றாள் ஜாக்கிரதை.

ஊர் திரும்பிய வாரமே மெக்கானிக் மேற்பார்வையாளரிடம் போய் உண்மையைச் சொன்னார். அவள் வெளியே நாற்காலியில், கைப்பையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேலை போய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். போகவில்லை. இதே மாதிரி இன்னும் இரண்டு பேர் இருப்பதாகவும், அவர்களும் வெகுநாள் வாய் திறக்கவில்லை என்றும் மேற்பார்வையாளர் சொன்னாராம். பட்டறையில் மோட்டார் பிரித்துச் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். தரையிலேயே.

அடுத்த மாதம் மகள் வந்தாள். சாப்பாட்டு மேஜையில் தேநீரை வைத்துவிட்டு, "மூணாவது நாள் ஒரு போட்டோ கூட இல்லையே, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். ஜாக்கிரதை கணவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவார் என்று பயந்தாள். அவர் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டனை யாரோ அமுக்கியதிலிருந்து தொடங்கினார். பதினாறாவது படியில் நின்றுபோனதையும் விட்டுவிடவில்லை. சொல்லி முடித்தபோது மூன்று கோப்பையும் ஆறிப்போயிருந்தது. மகள் எழுந்துபோய் மறுபடி சூடாக்கிக்கொண்டு வந்தாள்.