உவர்க் கிணற்றடியில் கடற்சீரகம்

பூநகரியில் இரஞ்சிதத்தின் வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். கத்தரி நட்டால் இலை கருகும், மிளகாய்க் கன்று பூக்குமுன்னமே சுருண்டுவிடும். என்றாலும் மாரி தொடங்கினால் அவள் மண்வெட்டியைத் தூக்காமல் விடமாட்டாள்.

"இஞ்சேர், இந்த முறை என்னத்தைச் சாக்காட்டப் போறாய்?" என்று கணவர் தவராசா வலையின் கிழிசலைப் பொத்தியபடியே கேட்பார்.

இத்தாலியில், பலெர்மோவில் இருக்கும் தங்கை சுதாஜினி ஒருநாள் வீடியோவில் வந்தாள். கடற்கரைப் பாறை வெடிப்புகளில் தடித்த இலைகளோடு நின்ற ஒரு செடியைக் காட்டினாள். "அக்கா, உப்புக் காத்துக்கையே நிக்குது. இஞ்சத்தை ஆக்கள் புடுங்கிக்கொண்டு போய்ச் சமைக்கிறவை. கடற்சீரகம் எண்டு வையன்."

ஊருக்கு வந்த ஒருவரிடம் விதையும் கொடுத்துவிட்டாள். மழைத்தண்ணீரில் ஊறவைத்துப் போட்டதில் பதினொன்று முளைத்தன. இரஞ்சிதத்துக்குத் தலைகால் புரியவில்லை. சாணி எரு போட்டாள். காலையும் மாலையும் பவுசர்த் தண்ணீரை ஊற்றினாள். பத்து நாளில் எட்டு அழுகிப்போயின.

"நீ அதுக்குக் குழந்தைப்பிள்ளைக்குத் தீத்துறமாதிரிச் சோறு தீத்துறியோ?" என்று தங்கை போனில் கத்தினாள். "கல்லுக்கை வளருற சாமானக்கா அது!"

மிஞ்சிய மூன்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். உடைந்த சீமெந்துக் கல்லும் மணலும் குவித்து நட்டாள். மண் நன்றாகக் காய்ந்தபிறகு மட்டும் உவர்த்தண்ணீர் கொஞ்சம் தெளித்தாள். மூன்றும் பிடித்துக்கொண்டன. சித்திரை வெயிலுக்கும் அசையாமல் பற்றையாய்ப் படர்ந்தன. இலையைக் கசக்கினால் கரட் கிழங்கும் எலுமிச்சையும் கலந்த மணம்.

பொடியாய் அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு, தேசிக்காய் பிழிந்து சம்பல் செய்தாள். தவராசா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு சோற்றுக் கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு."

ஆவணியில் சுதாஜினி ஊருக்கு வந்தாள். அக்கா குசினியிலிருந்து சம்பலைக் கொண்டுவந்து வைக்க, ஒரு வாய் எடுத்தவள் கண்ணை விரித்தாள்.

"ஐயோ அக்கா, இது இவ்வளவு ருசியோ!"

"என்னடி இது, அங்கை இருவது வருசமாய்த் திண்ட ஆள்தானே நீ?"

"எங்கையக்கா திண்டனான்? ஆக்கள் புடுங்கிறதைப் பாத்தனான், அவ்வளவுதான்!"

இரஞ்சிதம் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். தவராசாவுக்குப் புரையேறிவிட்டது.