பத்து நிமிடத்தில் வெந்த பருப்பு

ஞானம்மாக்கா நல்லவர் என்று ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. பிடிவாதக்காரி. சொன்னால் கேட்காத ஜென்மம். வடக்குப்பட்டில் அவர் வீட்டுப் பின்பக்க அறையில் நானும் என் வீட்டுக்காரர் பேச்சிராஜும் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்காகக் குடிவந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மாமியாரோடுகூட நான் இத்தனை சண்டை போட்டதில்லை. போன சித்திரையில் நான் பயந்த பயத்துக்கும் அவர்தான் காரணம். அந்த ஆறு நாளை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. வாலாஜாபாத் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் ஜோதி கொத்தனார், அக்கா அவருக்குச் சித்தாள். ஒரகடத்தைச் சுற்றி எழும்பிய கம்பெனி மதில்களில் எத்தனைக்குக் கலவை சுமந்தாரோ, அவருக்கே கணக்குத் தெரியாது. ஜோதி அண்ணன் மாரடைப்பில் போன பிறகு, தலையிலிருந்த சும்மாட்டை வீசிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த இருபது சென்டில் கீரை போட்டார். அரைக்கீரை, சிறுகீரை, ஓரத்தில் கத்தரி. காலை ஆறு மணிக்குக் கட்டுக் கட்டி கம்பெனி ஹாஸ்டல் வாசலில் வைத்தால், ஷிப்ட் முடிந்து வரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழு மணிக்குள் தீர்த்துவிடுவார்கள். அக்காவுக்குக் குழந்தை கிடையாது. யாராவது கேட்டால், "கீரைய வுட இன்னா புள்ள வோணும்? தெனமும் பொறக்குது" என்று சிரிப்பார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பே கிடையாது. எந்தத் தண்ணீரையும் சும்மா நம்ப மாட்டார். மழைக்குப் பிறகு கிணற்றில் புதுத்தண்ணீர் ஏறினால்கூட, முதலில் அதில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பை வேகவைப்பார். உப்புத் தண்ணீர் என்றால் பருப்பு மணிமணியாக அப்படியே நிற்கும். பருப்பு வெந்துவிட்டால், மூன்று நாள் தான் மட்டும் குடிப்பார். அடுத்த மூன்று நாள் ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் விடுவார். "என் வயித்துக்கு மூணு நாளு, செடிக்கு மூணு நாளு. அப்பாலதான் மத்தவங்களுக்கு."

"ஏக்கா, எங்க கம்பெனியிலகூட இம்புட்டு க்யூசி செக்கிங் கிடையாது" என்று நான் கிண்டல் செய்வேன்.

"உங்க கம்பெனி பண்றத எவனும் துன்ன மாட்டான் வேலு. என்னுத துன்றாங்க" என்பார். என் பெயர் வேல்விழி. அவருக்கு நான் வேலு.

போன சித்திரையில் கிணறு தரைதட்டியது. போர்வெல் தண்ணீரோ ஒரே உப்பு, விட்டால் கீரை கருகும். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். கேன் தண்ணீர் குடிப்பதற்குத்தான் காணும், சமையலுக்குப் போர்த் தண்ணீர்தான். அதில் அரைவேக்காடாக வந்த பருப்பு எனக்குச் சேரவே இல்லை. தின்றதெல்லாம் வாந்தி. அக்கா ஒருபக்கம் பாத்திகளைப் பார்த்துப் புலம்புவார், மறுபக்கம் என்னைப் பார்த்துப் புலம்புவார். இரண்டும் அவருக்கு ஒரே கவலையாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, குடத்தோடு ஓடிவந்தார். தோட்டத்துக்குப் பின்னால், கம்பெனி மதில் ஓரம், சீமைக்கருவேலம் புதருக்குள் தண்ணீர் கசிந்து சின்னக் குட்டையாக நிற்கிறதாம்.

"மின்ன அங்க ஊத்து இருந்திச்சி வேலு. மதிலு கட்டுனப்ப மூடிட்டோம். இப்போ அதுவே கண்ணு தொறந்துகிச்சி!"

உடனே பருப்பை அடுப்பில் வைத்தார். பத்தே நிமிடம். கரண்டியால் தொட்டதும் வெண்ணெயாகக் குழைந்தது. இருபத்தைந்து வருடத்தில் இப்படி வெந்து பார்த்ததில்லை என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் முட்டாளானோம்.

அந்தச் சந்தோஷத்தில் மூன்று நாள் கணக்கை அவர் விட்டுவிட்டார். ஜோதி அண்ணனின் மட்டக்குழாயை எடுத்துவந்தார். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது. ஒரு முனையை நான் பிடிக்க, இன்னொன்றை அவர் பிடிக்க, குச்சிக்குக் குச்சி நகர்ந்து பார்த்ததில் குட்டை எங்கள் பாத்தியைவிட இரண்டு அடி உயரத்தில் இருந்தது. மோட்டாரே வேண்டாம். பழைய பச்சை ஓஸ் துண்டுகளைச் சைக்கிள் டியூபால் கட்டி இணைத்து, புதருக்குள் இழுத்து, இந்த முனையில் வாய் வைத்து உறிஞ்சினார். தண்ணீர் குபுக்கென்று வந்தது. வாயில் போனதைத் துப்பிவிட்டு, "லேசா வழவழன்னு கீது. ஊத்துத் தண்ணி அப்படித்தான்" என்றார்.

அன்றைக்கு மதியம் அந்தத் தண்ணீரில் எனக்குச் சாம்பார். மறுநாள் கீரைக் கூட்டு. எத்தனை நாளைக்குப் பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டேன் தெரியுமா! அக்கா எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை அந்த ஓஸ் தண்ணீரில் தட்டுக் கழுவினேன். சோப்பே போடவில்லை, விரல் வழுக்கியது. இரண்டு விரலைச் சேர்த்துத் தேய்த்தேன். நழுவிக்கொண்டு போனது.

எனக்கு அந்த வழவழப்பு தெரியும். நான் வேலை செய்யும் இடத்தில் இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஒரு கழுவும் தொட்டி உண்டு. அதில் காஸ்டிக் சோடா என்கிற காரம் கலந்த தண்ணீர். முதல் நாள் டிரெயினிங்கிலேயே சூப்பர்வைசர் சொன்னது, கை வழவழவென்று இருந்தால் அது சோப்பு இல்லை, உங்கள் தோல் கரைகிறது. பருப்பு ஏன் குழைந்தது என்றும் அப்போதுதான் உறைத்தது. கடலை வேகாவிட்டால் எங்கம்மா ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவாள். இங்கே அந்த வேலையைக் கம்பெனிக் கழிவு செய்திருக்கிறது. மதிலுக்கு அடியில் எந்தக் குழாயோ உடைந்திருக்கிறது. அதைத்தான் நான் இரண்டு நாளாகச் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறேன். என் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஓடி, ஓஸைப் பிடுங்கி வீசினார். அன்று காலை கட்டிவைத்த கீரைக் கட்டுகளை ஒன்றுவிடாமல் குழி தோண்டிப் புதைத்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். "துடிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணியில என்ன கலந்திருக்குன்னு தெரியாம நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். பேச்சிராஜ் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் காஞ்சிபுரத்தில் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட் சனிக்கிழமைதான்.

அந்த மூன்று நாளையும் எப்படிச் சொல்வேன்? லீவு போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்தபடியே கிடந்தேன். பிள்ளை அசைந்தால் உயிர் வரும். அசையாவிட்டால், இதோ முடிந்தது என்று தோன்றும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் ஒரு அசைவுகூட இல்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன், இடதுபக்கம் திரும்பிப் படுத்தேன், வயிற்றைத் தட்டிக் கெஞ்சினேன். சாயங்காலம் லேசாக ஒரு தரம் புரண்டது. அவ்வளவுதான். அதுவும் பிள்ளையா, வெறும் வாயுவா என்று சந்தேகம்.

அக்காவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருதரம்கூட என் அறைப் பக்கம் வரவில்லை. எதிரே பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறார். ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? "பார்த்தீகளா, செய்யறதையும் செஞ்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாங்க" என்று அவர் காதில் விழும்படியே பேச்சிராஜிடம் சொன்னேன். அக்கா நின்றார். முந்தானையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று நானும் தோட்டத்துக்குப் போனேன். பாத்தியெல்லாம் ஓரம் கருகி, தீய்ந்த அப்பளம் மாதிரி கிடந்தது. கத்தரிச்செடி மறைவில் அக்கா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தக் குடம். கையில் எவர்சில்வர் டம்ளர். கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்.

பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? என்னத்தக்கா குடிக்கீக?"

அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். உதடு இரண்டும் வீங்கி வெடித்திருந்தன. நாக்கெல்லாம் புண். பேச்சு குழறியது.

"மூணு நாளாச்சி வேலு. நான் மின்னயே குடிச்சிருக்கணும், குடிக்காம உனுக்குக் குடுத்துட்டேன். அதான் இப்போ குடிக்கிறேன். உன் வவுத்துல போனத வுட நாலு பங்கு குடிச்சிட்டேன். எனுக்கு ஆனாதான உனுக்கு ஆவும்?" என்று என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார். அந்த வெடித்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தார். "பாரு, ஒண்ணியும் ஆவல. புள்ளைக்கும் ஒண்ணியும் ஆவாது. பயப்படாத."

சொல்லி முடித்ததும் வரப்பிலேயே வாந்தியெடுத்தார். வாந்தியில் ரத்தம் இருந்தது. ஐயோ, அதைப் பார்த்து நான் அலறிய அலறலில் என் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளியது. உண்மையாகவே துள்ளியது. ஒரு பக்கம் அந்தத் துள்ளல், ஒரு பக்கம் என் மடியில் அக்கா தலை. நான் யாருக்காக அழுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மதியம் ரிப்போர்ட் வந்தது. கழுவும் காரம்தான். வேறு விஷம் இல்லை. சாம்பாரில் என் உடம்புக்குள் போனது கொஞ்சம்தான், பிள்ளைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்குத்தான் வாயும் தொண்டையும் இரைப்பையும் வெந்துபோயிருந்தன. ஒரு வாரம் ஆறிய பாலும் மருந்தும்தான் ஆகாரம். ராத்திரிப் பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து நான் திட்டிக்கொண்டே ஊட்டினேன். அவர் பேச முடியாததால் அந்த ஒரு வாரம் மட்டும் சண்டையில் நான்தான் ஜெயித்தேன். கம்பெனிக்காரர்கள் வந்து தோண்டினார்கள். அது தங்கள் குழாயே இல்லை என்று சொல்லிக்கொண்டே உடைந்த குழாயை மாற்றிவிட்டுப் போனார்கள்.

ஆடியில் எங்கள் ஊரில் எனக்குப் பெண் பிறந்தாள். பத்து விரலையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் கண் அயர்ந்தேன். ஐப்பசியில் திரும்பி வந்தபோது, அக்கா தோட்டத்தின் மேட்டு மூலையில், மதிலுக்கு நேர் எதிர்க்கோடியில், மழைத் தண்ணீருக்கு ஒரு குட்டை வெட்டி முடித்திருந்தார். கருகிய மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பாத்தி கட்டியிருந்தார். காரம் என்ற பேச்சே ஆகாது அவருக்கு, இன்னும் மோர்ச்சோறுதான். முதல் மழையில் குட்டை நிரம்பியது. பார்க்கப் பளிங்காக இருந்தது. என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாப்பா பருப்பு துன்ற வயசு வரதுக்குள்ள தண்ணி தேறிடும்" என்றார்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அன்றைக்கே பேச்சிராஜிடம் காஞ்சிபுரத்துக்குக் கொடுத்தனுப்பினேன். அக்காவின் பார்வை குட்டைக்கும் குடத்துக்கும் போய்ப் போய் வந்தது. எனக்குத் தெரியாதா அவரை? அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்த வீட்டில் இருந்த டம்ளர், சொம்பு, குடம், கரண்டி வரைக்கும் அள்ளிக்கொண்டுவந்து என் அறையில் போட்டுப் பூட்டினேன். ரிப்போர்ட் வரும்வரை அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் என் கையால்தான். சாவி என் தாலிச் சரட்டில் தொங்குகிறது.