பூஜையில் வைத்த ஸ்பேனர்

எங்கள் அண்ணன் நன்னிலத்தை அடுத்த சிற்றூரில், அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக உழைத்த பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா மறைந்தபோது அவர் ஒன்பதாம் வகுப்பு. நான் மூன்றாம் வகுப்பு. அவருடைய புத்தகப் பை அன்றோடு எனக்கு வந்துவிட்டது. லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராகி, என்னை ஆசிரியையாக்கிய பிறகே தமக்கென ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். நெல் மூட்டையோ பிரசவ வலியோ, எங்கள் ஊரில் எதற்கும் அந்த வண்டிதான் கிளம்பும்.

சென்ற ஆண்டு குறுவை அறுவடையின்போது வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கத்து அடியிலிருந்து 'டொக்'கென்று ஒரு சத்தம். உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கும்.

"வித்துடுங்கண்ணே. இந்தச் சத்தமே எனக்குப் பிடிக்கல."

"கிழவிக்கு முழங்கால் வலிம்மா. அதுக்காக வீட்ட விட்டா தொரத்துவாங்க?" என்று சிரித்தார்.

வாசலில் வண்டியைக் கட்டைகள் மேல் ஏற்றி முன்சக்கரங்களைக் கழற்றினார். அச்சின் மேல் அடுக்கியிருக்கும் எஃகுப் பட்டைகளில் இரண்டு விரிசல் கண்டிருந்தன. புதுப் பட்டைகள் போட்டார். பட்டை முனைகளில் தேய்ந்திருந்த ரப்பர் புஷ்களை மாற்றினார். பட்டைகளையும் அச்சையும் யூ போல்ட்டால் சேர்த்து இறுக்கினார். நான்கு நாள் வேலை, ஆயுத பூஜையன்று காலையில்தான் முடிந்தது.

"முடிஞ்சுதாண்ணே?"

"முக்கால்வாசி. லோடு ஏத்துனா புதுப் பட்டை அமுங்கும், போல்ட்டு தளரும். ஒரு நடை போயிட்டு வந்து மறுபடி முறுக்கணும். அத மறந்தா அச்சு எடத்த விட்டு நகந்துடும்."

கருவிகளையெல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்துப் படைத்தோம். மறுநாள் மறுபூஜை முடியும்வரை அவற்றைத் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கி நகர்ந்தது.

பிற்பகலில் கிழக்கே வானம் மை பூசியதுபோல் ஆனது. காற்று அறவே நின்றது. மேலத்தெருச் சித்தப்பா ஓடி வந்தார்.

"தம்பி, நெல்லு பூரா ரோட்டுல கெடக்கு. நனைஞ்சா மொளச்சிப் போயிடும்ப்பா!"

அண்ணன் முதல் நடை போய் மூட்டைகளைக் கொட்டகையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். முன்சக்கரத்தருகே குனிந்து பார்த்தவர், நேரே பூஜை வைத்த இடத்துக்கு வந்து இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர்மேல் கை வைத்தார்.

"மறுபூஜை போடாம எடுக்கக் கூடாதுண்ணே. இன்னும் ஒரு நடைதானே? காலையில முறுக்கிக்கலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தூறத் தொடங்கியிருந்த மழையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். விரல் நுனியில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"டீச்சரம்மா தீர்ப்புக்கு அப்பீல் ஏது?"

அதுவே அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. இரண்டாம் நடையில், நிறைந்து ஓடிய வாய்க்காலின் கரைச்சாலையில், வண்டி திடீரென இடப்பக்கம் இழுத்துத் தண்ணீருக்குள் இறங்கியது. வண்டியைப் பார்த்த மெக்கானிக், "போல்ட்டு தளந்து அச்சு பின்னால போயிருக்குங்க" என்று மற்றவர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. இந்த ஓராண்டில் அண்ணியார் உட்பட ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

நீரில் குதித்து அண்ணனை வெளியே கொணர்ந்த சித்தப்பாவுக்கும், தம் நெல் நனைவதை விட்டுவிட்டு ஓடி வந்த தெருவாருக்கும், டிராக்டர் கட்டி வண்டியை மீட்டவர்களுக்கும், அண்ணியாரையும் பிள்ளைகளையும் தனித்திருக்க விடாத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் வண்டியோட்டும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பூஜையில் வைத்த கருவி தேவைப்பட்டால் எடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. தடுப்பவள் உங்கள் தங்கையாகவே இருந்தாலும், எடுங்கள்.