தொண்ணூற்றிரண்டு டிகிரி வெக்கை

புசல்லாவைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வலன்ரைன் டீமேக்கர். கொழுந்து ஆலைக்குள் நுழைந்ததிலிருந்து தூளாகிப் பெட்டியில் அடைபடும்வரை அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன ஆள் கிடையாது. தொழிலாளிகளுக்கு அவர் மேலே, துரைமாருக்குக் கீழே. நடுவில் அவர் மட்டும்தான்.

மனைவி செத்துப்போன பிறகு மிஞ்சியவள் மகள் டொரதி. அவளும் கொழும்பில் ஒரு மடத்தில் சேர்ந்துவிட்டாள். உள்ளே போனால் பிறகு வெளியில் முகமே காட்டாத கன்னியாஸ்திரீகளின் மடம் அது. 1936இல் ஒரு ஜூன் நாள், மாலை ஐந்து மணிக்கு அவளுக்குக் கதவு மூடும். அதுவரை அப்பா வந்து பார்க்கலாம்.

அந்த நாள் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கொழும்புக்குப் போகும் வழியில், கடுகண்ணாவையில் மண் சரிந்து ரோடும் ரயிலும் நின்றுபோயின. வலன்ரைன் இடிந்துபோனார்.

அப்போதுதான் தோட்டத்துத் துரைக்கு உதவியாளரான சின்னதுரை வந்தார். அவரிடம் இரண்டு பேர் ஏறும் சின்ன விமானம் ஒன்று இருந்தது. ஆற்றோர மைதானத்தில் நிறுத்தியிருந்தார்.

"டீமேக்கர், மழ விட்டிருக்கு. நா கொழும்புக்குப் போறேன். நீயும் ஏறு."

விமானத்தின் சங்கதியெல்லாம் வலன்ரைனுக்கு அவர் முன்பே சொல்லியிருந்தார். இறக்கையின் மேல்பக்கம் புடைத்திருக்கும். வேகமாக ஓடினால் அது காற்றைக் கீழே தள்ளும், விமானம் மேலே எழும்பும். வெக்கையில் காற்று மெலிந்துவிடும். அப்போது கூடுதல் தூரம் ஓட வேண்டும். பாரம் ஏறினாலும், புல் ஈரமானாலும் அப்படித்தான்.

"வெக்க எவ்வளவு?" என்றார் சின்னதுரை.

"தொண்ணூத்திரெண்டுங்க."

சின்னதுரை நீட்டிய அட்டவணையைப் பார்த்து வலன்ரைனே கணக்குப் போட்டார். ஒருவர் போனால் முந்நூற்று முப்பது கெஜம் ஓட வேண்டும். இருவர் போனால் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. மைதானமோ முந்நூற்றெண்பதுதான், அப்புறம் ஆற்றுப் பாறை. இரண்டாம் முறையும் போட்டார். அதே விடைதான்.

"நீங்க போங்க தொர. நா ஏறுனா ரெண்டு பேரும் பாறையிலதான். மகளப் பாத்து, அப்பாவால வர முடியலன்னு சொல்லிருங்க."

கணக்குப்படி விமானம் எழும்ப வேண்டிய முந்நூற்று முப்பதாவது கெஜத்தில், ஓரமாகப் போய் நின்றார். விமானம் இரைந்துகொண்டு வந்தது. அவருக்கு அறுபது கெஜம் முன்னாலேயே தரையை விட்டுத் தலைக்கு மேலே போய்விட்டது.

அப்போதுதான் கம்பளிக் கோட்டுக்குள் தாம் குளிரில் நடுங்குவதை உணர்ந்தார். வெக்கையாவது! இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் யார் வெக்கை கேட்டாலும் அது கொழுந்து வாட்டும் மேல்மாடியின் வெக்கைதான். மழை நாளில் அங்கே அடுப்புச் சூட்டை ஊதி ஏற்றுவார்கள். அந்தச் சூட்டைத்தான் வாய் தன் பாட்டில் சொல்லியிருந்தது. வெளியில் எழுபது பாரன்ஹீட்கூட இராது. தாராளமாக ஏறியிருக்கலாம். பாவி மனுஷன், நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் சின்னதுரை திரும்பி வந்து, ஆலைக்குள் எல்லார் முன்னாலும் அவர் தோளைத் தட்டினார். "மூளக்காரன்யா நீ! இல்லாட்டி ரெண்டு பேரும் செத்திருப்போம்."

வலன்ரைன் அதைக் காதில் வாங்கவில்லை. "மக என்னாங்க சொன்னா?"

"மொதல்ல அழுதிச்சு. நீ கணக்குப் போட்டுப் பாத்துத்தான் ஏறலேன்னு சொன்னேன். ஒடனே கண்ணத் தொடச்சிக்கிட்டு, 'அப்பா போட்டா தப்பாதுங்க'ன்னு சிரிச்சிட்டு உள்ள போயிருச்சு."